காந்தளும் கார்த்திகைக்கிழங்கும்

விழா மலர் ஒன்றுக்குக் கட்டுரை எழுதுவோர் கல்லூரியின் பழம்பெருமை, ஆசிரியர் புகழ், விளையாட்டு வெற்றி என்பவற்றையே பெரும்பாலும் பொருளாகக் கொள்வர். அவை பற்றி எழுத என்னினும் வல்லார் பலர் இருத்தலின், யான் மலருக்கு ஒரு மலரையே எடுத்துக்கொண்டேன். அது காந்தள். சங்கப் புலவர் மலைநிலத்துக்கு உரியதாகப் பாடிய இப்பூ, மலையென்று சொல்லத்தக்க மேடொன்றும் இல்லாத நம் யாழ்ப்பாணத்திலும் கார்த்திகை மாதத்தில் வேலிதோறும் பூத்தது. (கீரிமலையும் பெயரளவில்தான் மலை.) பூவை நாம் கார்த்திகைப்பூ என்றோம், அதன் அடியிற் கிடப்பதைக் கார்த்திகைக்கிழங்கு என்றோம். பூவின் பெருமையைத் தமிழாசிரியரும், கிழங்கின் கொடுமையை வீட்டு முதியோரும் நமக்குச் சொல்லித் தந்தனர். இரண்டும் ஒரே கொடியைப் பற்றிய பேச்சு என்பது எனக்கு உறைத்தது எம்மூரில் நிகழ்ந்த ஒரு சாவின் பின்னரே.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையிற் குவித்த பூக்களின் நெடிய நிரலை மனனஞ் செய்தோர் எளிதில் மறந்திரார். 99 பூக்களைக் கொண்ட அந்நிரலில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். குறுந்தொகையின் முதற்பாட்டும் காந்தளைப் பற்றியதே. தலைவன் கையுறையாகக் கொணர்ந்த காந்தளைத் தோழி ஏற்க மறுத்து, எம்முடையதும் முருகனுடைய மலையே, இப்பூ அங்கே குலைகுலையாக உண்டு என்று சொல்லிவிடுகின்றாள். திருமுருகாற்றுப்படையோ, முருகன் சூடிய காந்தட் கண்ணியைக் கூறுமிடத்து, அது வண்டு மொய்க்காத பூ என்றொரு குறிப்பையுந் தருகின்றது. மகளிர் விரலுக்கு இதனை உவமை கூறுதல் பெருவழக்கு. ஆறிதழ்ப் பூவை ஐந்து விரற் கைக்கு ஒப்பிட்டது எங்ஙனம் என்று எம் வகுப்பில் ஒருவன் வினாவினான். அவன் அப்பாடம் முடியும்வரை வாங்கின்மேல் ஏறி நிற்க நேர்ந்தது. கேள்வி தவறானதன்று என்றே இன்றும் எண்ணுகின்றேன்.

இவை யாவற்றிலும் என் மனத்தில் நிலைத்தது மலைபடுகடாத்தில் வரும் ஒரு காட்சி. பெருங்கௌசிகனார் காட்டும் மலைச்சரிவில், நெருப்பு நிறக் காந்தளின் புதிய முகை ஒன்றைப் பருந்தொன்று ஊன் எனக் கருதிக் கவர்கின்றது. ஊனன்று என அறிந்ததும் உண்ணாது உதிர்த்துவிடுகின்றது. இதழ்கள் பாறைமேற் பரந்து கிடக்க, அவ்விடம் வெறியாட்டுக் களம் போலத் தோன்றுகின்றது. (காந்தளின் இளமுகை பச்சையாயிற்றே என்று தாவரவியல் கற்றார் ஐயுறக்கூடும்; விரியத் தொடங்கிய முகை எனக் கொள்க.) பருந்து ஏமாந்தது உண்மை, ஆனால் அது விழுங்கவில்லை.

இனிக் கொடியைப் பார்ப்போம். காந்தள் பல்லாண்டு வாழும் பூண்டு. எனினும் நிலத்தின் மேல் நாம் காணும் தண்டும் இலையும் பூவும் ஒரு பருவத்துக்கே உரியன. முதல் மழை மண்ணை நனைத்ததும் கிழங்கின் நுனியிலிருந்து முளை கிளம்பும். தண்டு மெலியது, தானாக நிமிர்ந்து நிற்கும் வலியற்றது. அக்குறையை இலையே நிரப்புகின்றது. காம்பில்லாத ஈட்டி வடிவான இலை நுனியிற் கூராகிச் சுருண்டு தந்தாக மாறி, அருகிலுள்ள கிளுவைக் கொம்பையோ பூவரசங் கிளையையோ பற்றிக்கொள்ளும். வேறு கொடிகளில் தந்து தனி உறுப்பாக இருக்கக் காண்கின்றோம். இங்கே இலையின் நுனியே கையாகின்றது. தலைச்சுருளி என்னும் பெயர் இதனால் வந்தது.

பூ தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் ஆறும் பின்னோக்கி மேலே வளைந்து, விளிம்பு நெளிந்து, காற்றில் அசையும் தீக்கொழுந்து போல நிற்கும். விரியும் நாளிற் பச்சையும் மஞ்சளும், பின்னர் அடியில் மஞ்சளும் மேலே சிவப்பும், முடிவில் முழுச்சிவப்பு. ஆகவே ஒரே கொடியில் ஒரே நாளில் இந்நிறங்கள் எல்லாவற்றையும் காணலாம். கேசரங்கள் ஆறும் ஆரைக்கால் போலப் பக்கங்களில் விரிந்திருக்க, சூலகத்தின் தம்பமோ அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்து ஒருபுறம் விலகி நிற்கும். தன் மகரந்தம் தன் குறியில் விழுதலைத் தடுக்கும் அமைப்பு இது. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வந்து ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்லவேண்டும்.

மலைப்பூ கடற்கரைக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு விடை கிழங்கில் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரம் வரையும் காந்தள் வளரும். அது வேண்டுவது உயரத்தை அன்று, நீர் தேங்காத நிலத்தை. மலைச்சரிவில் மழைநீர் வழிந்தோடுகின்றது. கரையோர மணல்மேட்டில் நீர் உள்ளே இறங்கிவிடுகின்றது. இரண்டிடத்தும் கிழங்கு அழுகாது. ஆண்டிற் சில மாதம் மழையும் எஞ்சிய காலத்தில் வறட்சியும் இருப்பின் இன்னும் நன்று. வறட்சியைக் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கழித்துவிடும். திருக்கோணமலைக் கரையோரக் குன்றின் பாறையிடுக்கிற் கண்ட அதே கொடியை மணற்காட்டின் மணல்மேட்டிலும் யான் கண்டபோது வியப்பு மேலிட்டதுண்டு. காரணம் அறிந்த பின்னர் அவ்வியப்பு நீங்கியது. ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இது இயல்பாக வளர்கின்றது. சிம்பாப்புவே நாட்டின் தேசிய மலரும் இதுவே. ஒசுத்திரேலியாவின் கிழக்குக் கரை மணல்மேடுகளிலோ, தோட்ட அழகுக்காகக் கொண்டுசென்ற கொடி தப்பிப் பரவி, ஒழிக்கவேண்டிய களையாகக் கருதப்படுகின்றது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். தோன்றி என்பதும் இதற்குரிய பழம்பெயர்களுள் ஒன்று. மலையாளத்தார் மேந்தோன்னி என்பர். கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியரின் துணைகொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக அமசுடர்தாமில் வெளிவந்த மலபார்த் தாவர நூலில் இக்கொடி மெந்தோனி என்னும் பெயராற் காணப்படுகின்றது. அப்பெயரே சிதைந்து மெத்தோனிக்கா என இலத்தீன் உருப்பெற்று ஐரோப்பிய நூல்களில் நெடுங்காலம் வழங்கியது. 1753ஆம் ஆண்டில் இலின்னேயசு இதற்கு குளோரியோசா சுப்பர்பா என்று பெயர் சூட்டினார். புகழுடையது, பெருமிதமுடையது என்பது பொருள். பூவை மாத்திரம் பார்த்து இட்ட பெயர். நம் முன்னோர் கிழங்கையும் பார்த்தனர். இரு கிளையாகக் கவைத்து வளைந்திருத்தலின் கலப்பைக்கிழங்கு என்றனர். வடமொழியிலும் கலப்பையை ஒட்டியே இலாங்கலி என்னும் பெயர் வழங்குகின்றது. உற்று நோக்கினாற் கண்நோகும் என்னும் நம்பிக்கையாற் கண்வலிக்கிழங்கு என்பாரும் உளர். சிங்கள மக்கள் நியங்கலா என்பர். அண்மைப் பத்தாண்டுகளில் இப்பூவின்மேல் நம் நாட்டில் வேறு பொருள்களும் ஏறியுள்ளன. அவை இக்கட்டுரைக்கு உரியன அல்ல.

இப்பொழுது அந்தச் சாவுக்கு வருகின்றேன். யான் எட்டாம் வகுப்பிற் கற்ற ஆண்டு, மாசி மாதம். வெளியிடத்திலிருந்து வந்து எம்மூரிற் குடியேறிய ஒருவர் தோட்டஞ் செய்வதற்காக ஒரு காணியின் வேலியோரத்தைக் கொத்தித் திருத்தினார். கொடி முன்னரே பட்டுப்போயிற்று, பூவில்லை, இலையில்லை. மண்வெட்டியில் வெண்மையான கிழங்குகள் சில அகப்பட்டன. காட்டு வள்ளியென்று கருதி வீட்டுக்குக் கொண்டுசென்று அவித்து, அவரும் மனைவியும் உண்டனர். மனைவிக்குச் சுவை பிடிக்கவில்லை. சிறிது உண்டு விட்டுவிட்டார். சில மணி நேரத்தில் இருவருக்கும் தொண்டை எரிவும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. வீட்டு வைத்தியம் ஏதோ நடந்தது. மறுநாள் வாந்தி தணிந்தது. தப்பினார்கள் என்று அயலார் ஆறுதலடைந்தனர். அன்றிரவு அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கிய பின்னரே ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றனர். நான்காம் நாள் அவர் இறந்தார். மனைவி பிழைத்தார். ஆனால் இரண்டாம் வாரத்தில் அவர் கூந்தல் கைபட்ட இடமெல்லாம் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. முடி மீண்டும் வளரும்வரை சேலைத் தலைப்பால் தலையை மூடியவாறே அவர் கிணற்றடிக்கு வந்துபோனதை யான் கண்டிருக்கின்றேன். ஊரார் சிலர் அதனைத் தெய்வக் குற்றம் என்றனர்.

அது தெய்வக் குற்றமன்று. கொல்சிசின் என்னும் நஞ்சின் செயல். இலையுதிர்காலத்தில் ஐரோப்பியப் புல்வெளிகளிற் பூக்கும் கொல்சிக்கம் என்னும் பூண்டிலிருந்து இதனை 1820ஆம் ஆண்டில் பெல்ற்றியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் முதலிற் பிரித்தனர். காந்தட் கிழங்கிலும் அதுவே உண்டு என்பது 1915ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினாற் புலனாயிற்று. முன்னர் இலில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த காந்தளை இன்றைய தாவரவியலார் கொல்சிக்கத்தின் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். தோற்றத்தில் எட்டி நிற்கும் இரண்டும் நஞ்சினால் உறவு காட்டுகின்றன.

உயிர்க்கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதன் நிறமூர்த்தங்களை இருபுறமும் பங்கிட்டு இழுத்துச் செல்லக் கதிர் என்னும் நுண்ணிய இழையமைப்பு ஒன்று உருவாகின்றது. கொல்சிசின் அவ்விழைகள் கட்டப்படுதற்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது. கதிர் அமையாது, கலம் பிரிய முற்பட்டு நடுவழியில் நின்றுவிடும். ஆதலின் உடலில் எவ்விடத்துக் கலங்கள் விரைவாகப் பிரிகின்றனவோ அவ்விடமே பெரிதும் தாக்குறும். குடலின் உட்படை முதலிற் கெடுகின்றது. அதனால் வாந்தியும் பேதியும். அடுத்து எலும்பு மச்சை. அதனாற் குருதியணுக்கள் குறைந்து நோயெதிர்ப்பு வீழ்கின்றது. மயிர்க்கால்களும் அத்தகையனவே, அதனால் தப்பியவருக்கு முடி உதிர்கின்றது. 1966ஆம் ஆண்டில் இலங்கை மருத்துவர் ஒருவர் காந்தள் நஞ்சினால் உடலெங்கும் முடி உதிர்ந்த நிகழ்ச்சியைப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். அதனைப் பல ஆண்டுகளின் பின் படித்தபோதுதான் கிணற்றடியிற் கண்ட அம்மையாரின் முக்காட்டுக்கு எனக்குப் பொருள் விளங்கியது.

இங்கே இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்லவேண்டும். ஒன்று, அவித்தலால் இந்நஞ்சு அழியாது. மரவள்ளியின் நஞ்சு சமைத்தலாற் பெரிதும் நீங்குவதைக் கண்டு பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். மற்றையது, முதல் நாளின் வாந்தி தணிந்தவுடன் ஆபத்துக் கழிந்ததென்று எண்ணலாகாது. இதயமும் சிறுநீரகமும் மூச்சும் மச்சையும் தளர்வது பெரும்பாலும் அதன் பின்னரே. மருத்துவமனைகளில் எடுத்துக்கொடுக்கத்தக்க மாற்றுமருந்து இதற்கு இல்லை. விரைவிற் கொண்டுசென்றால் வயிற்றில் எஞ்சிய நஞ்சைக் கரித்தூளாற் பிணிக்கவும், இழந்த நீரை ஈடுசெய்யவும், தளர்ந்த உறுப்புகளைத் தாங்கிநிற்கவும் மருத்துவருக்கு இயலும். உண்ட கிழங்கின் துண்டொன்றை உடன் கொண்டுசெல்லுதல் அவர்களுக்குப் பேருதவி.

கொடி நிற்கும் காலத்தில் இதனை அறிதல் எளிது. வள்ளிக்கொடிகளின் இலை அகன்று இதயவடிவாக இருக்கும்; கொடி தானே சுற்றி ஏறும். நுனி சுருண்ட நீண்ட இலை காந்தளுக்கே உரிய அடையாளம். வற்றாளை இலையோடும் இதனை மயங்க இடமில்லை. இடர் எல்லாம் கொடி பட்ட பின்னரே. அப்பொழுது கிழங்கின் வடிவை நோக்குக. உருண்டு நீண்ட இரு கிளைகள் ஒரு மூலையிற் சேர்ந்து கவைபோல வளைந்திருப்பின் அதனை விலக்குக. ஆனால் மண்வெட்டி பட்டு முறிந்த துண்டுக்குக் கவை ஏது? ஆதலால் இன்ன கொடியின் கிழங்கென்று தெரியாத எதனையும் அடுப்பில் ஏற்றலாகாது என்று எம் பாட்டியார் கூறிவந்ததே வேண்டிய அளவுக்குப் போதுமானது.

நஞ்சாயினும் வைத்தியர் இதனைக் கைவிடவில்லை. வடமொழி மருத்துவ நூல்கள் இலாங்கலியை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணி, சுத்தி செய்த பின்னரே பயன்படுத்தவேண்டும் என்கின்றன. நாட்டு வைத்தியத்தில் இதன் மேற்பூச்சுகள் வழங்கின. மகப்பேற்றை விரைவுபடுத்த அரைத்துப் பூசும் வழக்கமும், கருவைச் சிதைக்க உண்ணும் கொடிய வழக்கமும் இருந்தன. பின்னையது எத்தனை பெண்களின் உயிரைக் கொண்டதென்று எந்தப் பதிவேட்டிலும் காணமுடியாது. மேனாட்டு மருத்துவத்திற் கொல்சிசின் கவுட் என்னும் மூட்டுநோய்க்கு இன்றும் உரிய மருந்து. அங்கும் அளவே உயிர். ஒரு குளிகையில் இருப்பது அரை மில்லிக்கிராம் அளவு. உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 0.8 மில்லிக்கிராம், அதாவது 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு 40 மில்லிக்கிராம் சென்றால் பிழைத்தல் அரிது. அதனினும் குறைந்த அளவால் இறந்தோரும் உளர்.

கலப்பிரிவை நிறுத்தும் அதே ஆற்றலைத் தாவர ஆய்வாளர் வேறு வழியிற் பயன்கொண்டனர். நிறமூர்த்தங்கள் இரட்டித்த பின் கலம் பிரியாது நின்றால், இருமடங்கு நிறமூர்த்தமுள்ள செடி கிடைக்குமன்றோ? அமெரிக்காவிற் பிளேக்சிலீ முதலியோர் 1937ஆம் ஆண்டில் இதனைச் செய்து காட்டினர். யப்பானியராகிய கிகாரா இவ்வழியிற் சென்று விதையற்ற வத்தகைப்பழத்தை உண்டாக்கினார். கடையில் அப்பழத்தை வாங்குவோர் கார்த்திகைக்கிழங்கின் நஞ்சுக்கும் அதற்கும் இவ்வளவு தொடர்புண்டென அறியார்.

மருந்துக்கு வேண்டிய கொல்சிசின் கிழங்கினும் விதையில் மிகுதியாக இருத்தலின், தமிழ்நாட்டிற் காந்தள் இன்று பணப்பயிர். செங்காந்தள் அம்மாநிலத்தின் மலருமாகும். திண்டுக்கல், கரூர், திருப்பூர், அரியலூர்ப் பகுதிகளிலும், பாக்குநீரிணைக்கு அப்பால் நமக்கு நேர்முகமாயுள்ள வேதாரணியப் பக்கத்திலும் இதனைப் பயிரிட்டு விதையை வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றனர். கொடி ஏறுவதற்கு முள்ளுக்கிளுவையை நடுவது அங்கேயும் வழக்கம். மடிந்து விலகிய தம்பத்தின் குறியிற் போதிய மகரந்தம் சேராதாகையால், உழவர் காலை வேளையிற் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தத்தைத் தொட்டுவைக்கின்றனர். வண்டு மொய்க்காத பூவென்று ஆற்றுப்படை கூறியது கவிமரபு மாத்திரந்தானோ என்று இதனைக் கேள்விப்பட்ட நாள்முதல் யான் ஐயுற்று வருகின்றேன்.

நம் பக்கத்திலோ கொடி அருகி வருகின்றது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற வேலிகள் போய் மதில்கள் எழுந்துவிட்டன. மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது கிழங்கு வெளியே வருகின்றது. கொடியேற மறுபடி இடமில்லை. மதிலைக் குறைகூற யான் வரவில்லை. என் வீட்டின் மூன்று புறமும் மதிலே. எனினும் சென்ற கார்த்திகையிற் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு இப்பூவின் படத்தைக் காட்டினேன். பெயரைச் சொன்னார்கள். குறிஞ்சிப்பாட்டின் முதற்பூ என்றுஞ் சிலர் சொன்னார்கள். கிழங்கு எவ்வாறிருக்கும் என்று கேட்டபோது ஒருவரும் வாய்திறக்கவில்லை. வேலியில் அதனைக் கண்டு, தொடாதே என்று அதட்டுண்ட தலைமுறை நம்முடையது. கொடியைக் காணாத பிள்ளையை எவர் அதட்டுவார்?

என் காணியின் நான்காம் புறத்தில் இன்னும் கிளுவை வேலி உண்டு. அதில் மூன்று கொடிகள் ஆண்டுதோறும் வருகின்றன. பழைய கிழங்கு வற்றிப் புதிய கிழங்கு அதனருகே உருவாதலால், ஆண்டுக்கு ஆண்டு சிறிது இடம் விலகியே முளைக்கின்றன. மார்கழியிற் காய் முற்றி மூன்றாக வெடித்துச் செவ்விதை காட்டும். மாசிக்குள் கொடி முழுதும் பட்டு, மண் வெறுமையாகத் தோன்றும். தோட்டங் கொத்த வருபவர் அறியும்பொருட்டு, மூன்று கொடிகளும் நின்ற இடங்களில் ஒவ்வொரு தடி நாட்டி, அதிற் சிவப்புத் துணி கட்டிவைக்கின்றேன்.